ஜன்னலுக்கு எதிரே டிவி

எந்த வீட்டுக்கு அளவெடுக்கப் போனாலும் அக்கா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "இந்த வீட்ல யார் யாரு எங்க தூங்குறாங்க?"

சோபா விற்க வந்தவருக்கு இது எதற்கு? வீட்டுக்காரர் முழிப்பார். வீட்டுக்கார அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்ப்பார், ஏதோ கேள்வியைக் கேட்டதே நான்தான் என்பதுபோல. நான் அளவு நாடாவை இழுப்பதும் விடுவதுமாக நின்றுகொண்டிருப்பேன். அவர் மட்டும் பதில் வரும்வரை அசைய மாட்டார். பதில் வந்ததும், அந்த அறைக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைப்பார். காய்ச்சல் பார்க்க நெற்றியில் கை வைப்போமே, அப்படி. பிறகுதான் சோபா, கர்ட்டன், சீலிங் எல்லாம்.

ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய கடை இருந்தது. வீட்டுக்கு உள் அலங்காரம் செய்து கொடுக்கும் தொழில். நான் அங்கே லொறி ஓட்டினேன், சாமான் தூக்கினேன், கர்ட்டன் கம்பி அடித்தேன், அளவெடுத்தேன். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெயரைச் சொன்னால் இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. அவருக்குப் பிடிக்காது, அதனால் சொல்லவில்லை.

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. கடைக்காரர் சிரித்தால் நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், தராசைத்தான் பார்ப்பேன். அப்படிப்பட்டவனுக்கு அப்படிப்பட்ட முதலாளி வாய்த்தார். ஊர்க் கதை எல்லாம் கேட்டு வைத்துக்கொள்கிறாரே, கல்யாணத் தரகர்களுக்கு விற்கிறாரோ என்று ஆரம்பத்தில் நினைத்தேன். கடையில் தையல் வேலை செய்த பெண்ணும் அப்படித்தான் நினைத்தாள். ஒருநாள் நான் தைரியமாகக் கேட்டே விட்டேன்.

"அக்கா, தூங்குறது எங்கன்னு தெரிஞ்சு நமக்கு என்ன ஆகப் போகுது?"

"ஹால்ல எல்லாரும் பொய் சொல்வாங்க. தூங்குற எடத்துல யாரும் பொய் சொல்ல மாட்டாங்க," என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

அவருடைய சொந்த ஊர் எது என்பதிலும் இதே கதைதான். கொழும்பில் சோபா, கட்டில் விற்கும் ஒரு தளபாடக் கடையில் இருந்தார் என்பார்கள் சிலர். லெபனானில் ஒரு பெரிய வீட்டில் வேலை பார்த்தார், அங்கே பார்த்ததைத்தான் இங்கே வந்து செய்கிறார் என்பார்கள் சிலர். எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் விடாமல் கேட்டபோது, "அந்த லயம் இப்ப இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்ததைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நான் முடிவு கட்டினேன். லயத்தில் பிறக்காதவன் போலத்தான் நானும் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

தொழிலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பெண் பார்க்க வருகிறார்களா, பிள்ளை வயசுக்கு வந்துவிட்டதா, கல்யாண வீடா? "ரெண்டு நாள் சும்மா போட்டுப் பாருங்க, விசேஷம் முடிஞ்சதும் எடுத்துக்கிறோம்" என்பார். கடையில் வைத்திருக்கும் சோபாவும் கர்ட்டனும் என் லொறியில் ஏறும். விசேஷம் முடிந்து நான் எடுக்கப் போனால் அந்த வீட்டு ஆட்களின் முகத்தைப் பார்க்க முடியாது. பிள்ளைகள் சோபாவில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜன்னல் கர்ட்டனைக் கழற்றியதும் வீடே மொட்டையடித்ததுபோல நிற்கும். "தம்பி, கொஞ்சம் இருங்க" என்று வீட்டுக்காரர் அக்காவுக்குப் போன் போடுவார். திரும்பி வந்த சோபாக்களைவிடப் போன இடத்திலேயே தங்கிவிட்ட சோபாக்கள்தான் அதிகம்.

மற்றக் கடைக்காரர்கள் செய்து முடித்த வீட்டையெல்லாம் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். இவர் ஒரு படம் காட்ட மாட்டார். கேட்டால், "அவங்க வீட்டை உங்களுக்குக் காட்டுறவ, உங்க வீட்டை நாளைக்கு இன்னொருத்தருக்குக் காட்ட மாட்டாளா?" என்பார். இதைக் கேட்டதும் சந்தேகப்பட வேண்டிய ஆட்கள், அதற்குப் பதிலாக மயங்கிப் போய் அட்வான்ஸ் கொடுத்தார்கள். மறைக்க ஏதாவது வைத்திருக்கிற வீடெல்லாம் இவரிடம்தான் வந்தது. எந்த வீட்டில்தான் மறைக்க ஒன்றும் இல்லை? கடை வளர்ந்தது. நுவரெலியாவில் கெஸ்ட் ஹவுஸ் வேலைகள் வந்தன. அங்கே இன்னொரு கடையும் போட்டார்.

வேலை செய்த வீட்டு விசேஷங்களுக்குப் போகவே மாட்டார். தனக்குப் பதிலாக ஆளும் அனுப்ப மாட்டார். "சோபா குடுத்தவ சாப்பிட வந்து உக்காந்தா, அந்த சோபாவோட வண்டவாளம் தண்டவாளத்துல ஏறிடும்" என்பார். அழைப்பிதழ்கள் மேசையில் கிடந்து மழைக்காலத்து ஈரத்தில் சுருண்டு போகும்.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. டிவி ஒருநாளும் ஜன்னலுக்கு எதிரே வரக்கூடாது. நம் பக்கத்து வீடுகளில் மலையைப் பார்க்க வேண்டுமென்று பெரிய பெரிய ஜன்னலாக வைக்கிறார்கள். எதிர்ச்சுவரில் டிவியை மாட்டினால், பனி விலகி வெயில் அடித்ததும் அதில் நாடகம் தெரியாது, தேயிலை மலைதான் தெரியும். நுவரெலியாவில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருந்த ஒரு மாத்தயா, அதாவது சிங்கள ஐயா, எதிரேதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அக்கா சிங்களத்தில் தணிவாகச் சொன்னார்: அப்படியென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள், என் பெயரில் அப்படி ஒரு வேலை இருக்கக்கூடாது. பையை எடுத்துக்கொண்டு இறங்கியே விட்டார். பெரிய வேலை அது. வழியெல்லாம் நான் மனதுக்குள் திட்டிக்கொண்டே லொறி ஓட்டினேன். நானு ஓயாவைத் தாண்டுவதற்குள் அந்த மாத்தயா போன் போட்டு, உங்கள் இஷ்டப்படியே செய்யுங்கள் என்றார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் தங்கச்சியின் வாழ்க்கை இந்தப் பிடிவாதத்தில் வந்து மாட்டியது.

தங்கச்சி ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தாள். நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு வரன் வந்தது. பையனுக்கு ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. தகப்பனார் ஓய்வு பெற்ற கண்டாக்கு, தோட்டத்தில் ஆட்களை மேற்பார்வை செய்தவர். சொந்தமாக வீடு கட்டியிருக்கிறார்கள் என்றார் தரகர். சொந்த வீடு என்றதும் என் அம்மாவுக்குக் காது கேட்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு தரகர் சொன்ன எதுவும் உள்ளே ஏறவில்லை.

எங்களுடையது லயத்து வீடு. முன்பக்கம் கொஞ்சம் இழுத்துக் கட்டியிருந்தோம், அவ்வளவுதான். பெண் பார்க்க வரும் விஷயம் தெரிந்து அக்காவே கூப்பிட்டுச் சொன்னார். "சிவப்பு சோபாவை ரெண்டு நாளைக்குக் கொண்டு போ. பயப்படாத, உன்கிட்ட விக்க மாட்டேன்."

சோபாவோடு அவரும் வந்தார். என் அம்மாவிடமும் அதே கேள்வி. அம்மா சிரித்துக்கொண்டே, "எல்லாம் அடுப்படியிலதாம்மா. அங்கதானே சூடு இருக்கு" என்றார். அக்கா உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு பிளேன்டீ குடித்தபடி, "மாப்பிள்ளை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சொன்னேன். தகப்பனார் யார் என்பதையும் சொன்னேன். "ஓ" என்றார். கோப்பையில் பாதி பிளேன்டீ அப்படியே இருந்தது.

வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துவிட்டது. அடுத்த வாரம் நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். லீவு கேட்டதும் அக்கா உடனே கொடுத்தார். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. தலைவலி என்று லீவு கேட்டால் தலையைத் தொட்டுப் பார்க்கிற ஆள் அவர். படியில் இறங்கிக்கொண்டிருந்த என்னை நிறுத்தி, "போய் நல்லா பாத்துட்டு வா" என்றார்.

மாப்பிள்ளை வீடு மலைச்சரிவை வெட்டிக் கட்டியது. முன்னால் பள்ளத்தாக்கு, பின்னால் செங்குத்தாகத் தேயிலை. உள்ளே நுழைந்தேன். நடு ஹாலில் எங்கள் சிவப்பு சோபா உட்கார்ந்திருந்தது.

அதே சோபா. கினிகத்தேனை வளைவில் கயிறு நழுவி அதன் காலில் சில்லு பெயர்ந்ததும், நானே மெழுகு வைத்து அடைத்ததும் அப்படியே தெரிந்தது. எனக்குத் தெரியாமல் அக்கா வேறு லொறியில் அனுப்பியிருக்கிறார். தெரிந்தவனைத் தெரியாத இடத்தில் பார்த்ததுபோல நானும் சோபாவும் பேசாமல் இருந்தோம். கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. நாங்கள் செய்ததைத்தானே அவர்களும் செய்திருக்கிறார்கள்? சம்பந்தி வீட்டு ஆட்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்த சோபாவிலேயே நாங்கள் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து வடை சாப்பிட்டோம்.

அப்போதுதான் பனி விலகி வெயில் வந்தது. என் பெரியப்பா, "மாப்பிள்ளை, அந்த டிவியைப் போடுங்க, மேட்ச் நடக்குது" என்றார். போட்டார்கள். ஒன்றும் தெரியவில்லை. டிவி முழுக்க எதிர்மலை. மாப்பிள்ளையின் தகப்பனார் அவசரமாக எழுந்து கர்ட்டனை இழுத்தார். பெரியப்பா கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு மலைக்குள் கிரிக்கெட்டைத் தேடினார்.

நான் வடையைத் தட்டில் வைத்தேன். டிவிக்குப் பின்னால் சுவரை முழுதாக மூடிப் பலகை அடித்திருந்தது. பலகையின் மூலைகளை உருட்டிய விதத்தைப் பார்த்ததுமே எங்கள் கடை மேசனும் தச்சனும் செய்த வேலை என்று தெரிந்துவிட்டது. அப்படியென்றால் இடம் சொன்னது அக்கா. அந்த அறையில் வெயில் படாத நல்ல சுவர் ஒன்று வெறுமனே கிடந்தது. மாத்தயாவின் பெரிய வேலையையே வேண்டாம் என்று இறங்கி வந்த பெண், இங்கே எப்படி ஜன்னலுக்கு எதிரே மாட்டினார்?

கை கழுவும் சாக்கில் எழுந்து, போகிற போக்கில் பலகையின் ஓரத்தில் தெரிந்த சுவரில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று ஈரம். வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கூரைக்குக் கீழேயிருந்து அடிவரை சுவர் பிளந்திருந்தது. பிளவுக்குள் பன்னம் என்கிற பெரணிச்செடி முளைத்து, இலை விரித்து, நிம்மதியாகக் குடியிருந்தது. மேலே தேயிலைச் செடிகள் வரிசையாக வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

உள்ளே வந்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் கேட்டேன். என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. "இந்த ரூம்ல யாரும்மா தூங்குவாங்க?"

"கல்யாணத்துக்குப் பொறகு அவங்க ரெண்டு பேருக்கும்தான் தம்பி," என்று அந்தச் சுவரை ஒட்டிய அறையைத் திறந்து காட்டினார். அங்கேயும் புதுக் கர்ட்டன்.

மாப்பிள்ளை என் பின்னாலேயே வெளியே வந்துவிட்டான். அவனே சொன்னான். "அண்ணே, மண்சரிவு வரும், மழைக்காலத்துல இங்க இருக்கக் கூடாதுன்னு கவர்மெண்ட் ஆளுங்க வந்து பாத்துட்டு சொல்லிட்டுப் போனாங்க. அப்பா கேக்க மாட்டேங்கிறாரு. இந்த வீடுன்னா அவருக்கு உசுரு. கல்யாணம் முடியட்டும், பொறகு பேசிக்கலாம்னாரு."

"முடிஞ்ச பொறகு எவன் பேசுறது? எங்க வீட்டுப் புள்ள மண்ணுக்குள்ள இருந்து பேசுமா?" என்றேன். அவன் அழுதான். நல்ல பையன்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டில் சொன்னேன். அம்மா ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார். தங்கச்சி மட்டும், "நான் கட்டிக்கப் போறது வீட்டையா, ஆளையா?" என்றாள். மாப்பிள்ளைக்கு அவளே போன் செய்தாள். ஹட்டனில் வாடகைக்கு ஒரு அறை பார், அங்கே வாழ்கிறேன், அந்த வீட்டில் ஒரு மழை ராத்திரிகூடத் தங்க மாட்டேன், உன் அம்மா அப்பாவையும் தங்க விட மாட்டேன் என்றாள். அப்படியே நடந்தது. அந்தச் சுவர் இன்னும் விழவில்லை. மழை தொடங்கியதும் மாமியாரோடு மாமனாரையும் வம்பு பண்ணிக் கூட்டிவந்து தன்னுடைய சின்ன அறையில் படுக்க வைக்கிறாள். மாமனார் முணுமுணுத்துக்கொண்டே வருகிறார்.

மறுநாளே நான் கடைக்குப் போய் அக்கா முன்னால் நின்றேன்.

"தெரிஞ்சுதானே மூடுனீங்க?"

அவர் துணி மாதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "என்னத்த?"

"எங்க தங்கச்சி போய்ப் படுக்கப் போற எடம் அக்கா அது! எங்க வீட்ல வந்து டீ குடிச்சீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்ல சொன்னா, அடுத்த நாளே கடைக்குப் பூட்டுத்தான். உனக்கும் சோறு கிடையாது."

"அப்ப அந்த டிவியை ஏன் அங்க வச்சீங்க?"

கை ஒரு கணம் நின்றது. "யாராச்சும் என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா? அந்த வீட்டு ஆளுங்க?"

"இல்ல."

"அப்ப சரி," என்று மறுபடி அடுக்கத் தொடங்கினார். "அங்க வெளிச்சம் நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்காகத்தான் வைத்தாரா, அல்லது பிளவை மூட அந்தப் பலகைதான் வசதியாக இருந்ததா? மூடச் சொன்னவரிடம் கூலியை வாங்கிக்கொண்டு, உடைத்துச் சொல்லும் வேலையைக் கூலியில்லாமல் என் தலையில் கட்டினாரா? நான் கவனிக்காமல் வடையைத் தின்றுவிட்டு வந்திருந்தால்? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. நல்லவர் என்று கும்பிடவும் முடியவில்லை, கெட்டவர் என்று ஒதுக்கவும் முடியவில்லை. அதற்குப் பிறகு அவருடன் வேலை செய்த காலமெல்லாம், எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னலைப் பார்த்தேன், பிறகு டிவியைப் பார்த்தேன். ஒன்றுகூட எதிரே இல்லை.

பிறகு நான் விலகி, தலவாக்கலையில் சின்னதாக ஒரு கர்ட்டன் கடை போட்டேன். அக்கா வாழ்த்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. போன் பேச்சும் நின்றுபோனது. அவருடைய பெயர்ப்பலகை புதுப்புது ஊர்களில் முளைப்பதைப் பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன்.

போன மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் திடீரென்று போன் வந்தது. குசலம் விசாரிக்கவில்லை. "பூண்டுலோயாவுல ஒரு வீடு பால் காய்ச்சுறாங்க. நம்ம வேலைதான். எனக்கு நேரம் இல்ல. எனக்குப் பதிலா நீ போய்ட்டு வா."

ஒரு விசேஷத்துக்கும் போகாதவர், ஆளும் அனுப்பாதவர். இப்போது கடையில் இல்லாத என்னை அனுப்புகிறார். போனை வைத்ததுமே எனக்கு அந்தப் பழைய டிவி ஞாபகம் வந்தது.

போனேன். புது வீடு, மலையை வெட்டி எடுத்த இடத்தில். வீட்டுக்காரர் கொழும்பில் உழைத்துச் சேர்த்துக் கட்டியிருந்தார். பெருமையோடு ஒவ்வொரு அறையாகக் காட்டினார். ஹாலில் ஆட்கள் டிவி முன்னால் உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவியில் பச்சையாக மலை தெரிந்தது. பின்னால் சுவர் முழுக்கப் பலகை. ஒட்டிய அறையில் புதுக் கட்டில், அதன்மேல் இரண்டு பள்ளிக்கூடப் பைகள்.

பலகையின் ஓரத்தில் விரலை விட்டுச் சுவரைத் தொட்டேன். ஈரம்.

"அந்த லயம் இப்ப இல்லைங்க" என்று அக்கா ஒருமுறை சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். தணிவாகத்தான் சொன்னேன், பிள்ளைகளை மட்டுமாவது அங்கே படுக்க வைக்காதீர்கள் என்றேன். அவர் முகம் இருண்டது. "நல்ல நாள்ல வந்து வாய் வைக்கிறியா? எவன்டா உன்னை அனுப்புனது?" என்று கத்தினார். பால் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். யார் அனுப்பியது என்று நான் சொல்லவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். என்னத்துக்கு இந்தப் பிழைப்பு என்று அக்காவைத்தான் திட்டினேன்.

ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றபோது திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரரின் மனைவி வாசலில் புருஷனோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய், மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, பள்ளத்தாக்கைப் பார்த்த முன்னறைக்குள் போட்டது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. திரும்பிப் போய்ப் பைகளையும் எடுத்து வந்தார்.

போன் அடித்தது. அக்காதான்.

"அந்த வீட்டுக்காரரு போன்ல கத்துறாரு. எவனோ வந்து ஏதேதோ சொல்லிட்டுப் போனானாம். அப்படி ஒருத்தனை எனக்குத் தெரியவே தெரியாதுன்னுட்டேன்."

"அக்கா!"

"கோவிச்சுக்காத."

பிறகு கேட்டார். "புள்ளைங்க எங்க தூங்கப் போகுதுங்க?"

"முன் ரூம்ல," என்றேன். "இப்பதான் மெத்தையைத் தூக்கிப் போட்டாங்க."

"சரி," என்றார். "அப்ப டிவியை மாத்திடலாம்."